மானிட்டர் கொள்ளும் முறைமை

கணினியின் உறுப்புகளில் கண் தொடுவது ஒன்றே ஒன்றுதான். செயலியின் வேகமும் நினைவகத்தின் அளவும் பெட்டிக்குள் நடக்கிற சங்கதிகள். மனிதர் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது மானிட்டரை. அப்படியிருந்தும், புதிதாகக் கணினி அசெம்பிள் செய்கிறவர்களின் பட்டியலில் மானிட்டர் கடைசி வரியில் நிற்கிறது. செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போக மிஞ்சிய தொகை அதற்கு ஒதுக்கப்படுகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும். செயலி ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும். மானிட்டரிலோ, எல்.இ.டி. பின்விளக்கின் ஆயுளாகப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 30,000 மணி நேரம். நாளுக்கு 8 மணி வீதம் ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்பவர் ஓராண்டில் 2,400 மணி நேரத்தைச் செலவழிக்கிறார். பன்னிரண்டரை ஆண்டு வருகிறது. இரண்டு கணினிகளை வழியனுப்பிவிட்டு மூன்றாவதுக்கும் அதே மானிட்டர் நிற்கும். ஆகவே மானிட்டரை முதலில் முடிவு செய்துவிட்டு, மிஞ்சியதைப் பெட்டிக்குச் செலவிடுவதுதான் முறை.

எப்போது வாங்குவது, எதை வாங்குவது என்ற இரு கேள்விகளையும் அவற்றுக்குரிய கனத்தோடு இங்கே எடுத்துக்கொள்கிறேன். தமிழில் படிப்பவர், எழுதுபவர், மெய்ப்புத் திருத்துபவர் ஆகியோரை மனத்தில் வைத்தே சொல்கிறேன். கணினி விளையாட்டுக்காக வாங்குவோரின் தேவை வேறு.

முதலில் காலம். பழைய மானிட்டர் தன் முடிவைத் தானே அறிவிக்கும், ஆனால் மெதுவாக. வெளிச்ச அளவு ஒரு காலத்தில் 40இல் இருந்தது, பிறகு 60க்குப் போனது, இப்போது 90இல் வைத்தும் வெள்ளைப் பக்கம் பழுப்பேறித் தெரிகிறது என்றால் பின்விளக்கு தேய்ந்துவிட்டது. ஓரங்கள் இருண்டு நடுப்பகுதி மட்டும் ஒளிர்வதும் அதே நோயின் குறி. போட்டவுடன் இரண்டு மூன்று முறை மினுக்கிவிட்டுப் பிறகு நிலைப்பது வேறு வகை. பெரும்பாலும் பவர் போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். சிறு செலவில் மாற்றிவிடலாம். அதற்காகப் புதிது வாங்குவது வீண்.

இன்னொரு அறிகுறி மானிட்டரில் இல்லை, கண்ணில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர், எழுத்து மங்குகிறது என்று உணர்ந்தவுடன் கடைக்குப் போகக் கூடாது. கண் மருத்துவரிடம் போக வேண்டும். வெள்ளெழுத்துக்குத் தரும் கண்ணாடி பொதுவாக 40 செ.மீ. தொலைவில் பிடித்துப் படிப்பதற்கானது. மானிட்டர் இருப்பதோ 60 செ.மீ. தொலைவில், சில மேசைகளில் 70. அந்தத் தொலைவுக்கென்று தனியாகக் கண்ணாடி எழுதித் தரச் சொல்லலாம். இதைச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த மானிட்டர் வாங்கினாலும் மங்கல் அப்படியே இருக்கும், காசு மட்டும் போயிருக்கும்.

விலையின் காலம் தனிக்கதை. பேனல் தயாரிப்பு அலை போல ஏறி இறங்குகிற தொழில். விலை ஏறும்போது எல்லா நிறுவனங்களும் புதிய ஆலை கட்டத் தொடங்குகின்றன. ஆலைகள் முடிந்து உற்பத்திக்கு வரும்போது சரக்கு குவிந்து விலை சரிகிறது. 2020இல் பெருந்தொற்றால் உலகமே வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது பேனலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பேனலை இயக்கும் சிப்புகள் போதவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் தகாட்சுகியில் உள்ள நிப்பான் எலெக்ட்ரிக் கிளாஸ் ஆலையில் மின்சாரம் தடைப்பட, கண்ணாடிக்கும் நெருக்கடி வந்தது. 2021 நடுப்பகுதி வரை ஏறிய விலை பிறகு சரிந்து, 2022இல் தரையைத் தொட்டது. அதே ஆண்டில் சாம்சங் டிஸ்ப்ளே எல்.சி.டி. உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது. இந்த அலையை வீட்டிலிருந்தபடி முன்கூட்டிக் கணிப்பது நடக்காத காரியம். அதில் பிழைப்பு நடத்துகிற நிறுவனங்களுக்கே அது கைவந்ததில்லை.

நமக்குக் கண்ணுக்குத் தெரிகிற காலங்கள் சில உண்டு. புதிய மாடல்கள் ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியிலும், மே இறுதி அல்லது ஜூனில் தைப்பேயின் கம்ப்யூடெக்ஸிலும் அறிவிக்கப்படுகின்றன. அவை இந்தியக் கடைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். வந்ததும் முந்தைய மாடலின் விலை இறங்கும். ஆயுத பூஜை, தீபாவளித் தள்ளுபடிகள் அந்த இறக்கத்தோடு சேர்ந்துகொள்கின்றன. எழுத்துவேலைக்கான மானிட்டரில் ஓராண்டு பழைய மாடல் என்பது குறையே இல்லை. டெல் நிறுவனத்தின் யூ2723க்யூஇ என்ற பெயரில் 27 என்பது அங்குலம், 23 என்பது மாடல் ஆண்டு. பெயரைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம். வரியிலும் ஒரு செய்தி உண்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. 50,000 ரூபாய் அடக்க விலையுள்ள பெரிய திரையில் 5,000 ரூபாய் குறைந்தது. 32 அங்குலமும் அதற்குக் கீழும் 2019 தொடக்கத்திலிருந்தே 18இல்தான் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் எடைபோட்டு நான் சொல்வது: தேவை வந்த பிறகு, அடுத்த பண்டிகைத் தள்ளுபடி வரை காத்திருக்கலாம். அடுத்த தொழில்நுட்பம் வரை காத்திருக்கக் கூடாது. அடுத்த தொழில்நுட்பம் எப்போதும் அடுத்த ஆண்டுதான் வரும். அந்த ஓராண்டில் மங்கிய திரையில் படித்த 2,400 மணி நேரம் திரும்பி வராது.

இனி, எதை வாங்குவது. இங்கே ஓலைச்சுவடியிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது; எகர ஒகரக் குறில்களுக்கும் விதித்திருக்கிறது. ஓலையில் எழுதியவர்களோ புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எழுத்தாணியின் கூர்முனையை ஓரிடத்தில் ஊன்றினால் ஓலை பொத்துவிடும். விதி இருந்தும் எழுதுபொருள் இடம்தரவில்லை. அதன் விளைவாக மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதை இடம்பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று. எகர ஒகர நெடில்களுக்கு வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தனி வடிவம் கொடுத்துக் குழப்பத்தின் ஒரு பாதியைத் தீர்த்தார். மறுபாதியோடு மல்லுக்கட்டியவர்கள் உ.வே. சாமிநாதையர் தலைமுறைப் பதிப்பாசிரியர்கள். ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய அவர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டார்கள். அச்சு வந்த பிறகுதான் தமிழ்ப் புள்ளிக்கு நிலையான இடம் கிடைத்தது.

அடர்த்தி குறைந்த திரை அந்த இடத்தை மறுபடியும் பறிக்கிறது. 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரில் அங்குலத்துக்கு 92 பிக்சல். அதில் 11 பாயின்ட் எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை கிடைப்பது 15 பிக்சலுக்கும் குறைவு. மேலே இகரக் கொக்கிக்கும் புள்ளிக்கும், கீழே உகரச் சுழிக்கும் இடம் விட்டது போக, எழுத்தின் உடலுக்கு ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதிக்குள் மூன்றுசுழி ‘ண’ தன் மூன்று சுழிகளையும் காட்டியாக வேண்டும். ஒவ்வொரு சுழிக்கும் கோடு, உள்ளே வெற்றிடம், மறுபடி கோடு என்று குறைந்தது மூன்று பிக்சலாவது தேவை. அது கிடைக்காத இடத்தில் சுழிகள் அடைபட்டுச் சாம்பல் நிறத் திட்டாகின்றன, ‘ண’வும் ‘ன’வும் ஒன்றையொன்று நெருங்குகின்றன, புள்ளி ஓரிரு பிக்சலாகி மங்குகிறது. மெய்ப்புத் திருத்துபவரின் கண்ணுக்குத் தப்பும் பிழைகளில் ணகர னகர மாற்றமும் விடுபட்ட புள்ளியும் முன்வரிசையில் இருப்பதற்கு அவருடைய கவனக்குறைவு மட்டும் காரணம் இல்லை. ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளுக்குப் போதுமான அடர்த்தி மூன்றுசுழி ணகரத்துக்குப் போதாது. உலகச் சந்தைக்கென்று எழுதப்படும் மானிட்டர் பரிந்துரைகள் எதிலும் இதைப் பார்க்க முடியாது. ஆகவே தமிழர் தாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்கு இது. குறையற்ற கண் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தின் அடிப்படை அளவு. 60 செ.மீ. தொலைவில் அது 0.17 மில்லிமீட்டர். பிக்சல் அதைவிடப் பெரிதாக இருந்தால் எழுத்தின் படிக்கட்டு ஓரம் தெரியும். சிறிதாக இருந்தால் எழுத்து அச்சில் வார்த்தது போல் நிற்கும். 24 அங்குல ஃபுல் எச்.டி.யில் ஒரு பிக்சலின் அகலம் 0.28 மி.மீ. 27 அங்குலத்தில் அதே ஃபுல் எச்.டி. வாங்கினால் 0.31 மி.மீ.; பெரிதாக்கியதால் கெட்டது. 27 அங்குல 1440 வரித் திரையில் 0.23. 32 அங்குல 4கே திரையில் 0.18. 27 அங்குல 4கே திரையில் 0.155. கண்ணின் எல்லைக்குள் வருவது இந்தக் கடைசி ஒன்றுதான். 32 அங்குலம் எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது.

1440 வரித் திரையைப் பற்றி ஒரு தெளிவு தேவை. வாங்கியவர் விண்டோஸில் அளவை 100 சதவீதத்திலேயே விட்டால், ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் பிக்சல்கள் பழைய திரையில் இருந்தவையேதான். எழுத்து சிறுக்கிறது, இடம் கூடுகிறது, சுழி தெளிவதில்லை. 125 சதவீதம் வைத்தால்தான் அடர்த்தியின் பயன் எழுத்துக்கு வந்து சேரும். 27 அங்குல 4கே திரையில் 150 வைத்தால் 11 பாயின்ட் எழுத்துக்கு 22 பிக்சல் கிடைக்கிறது. நீள அகலத்தில் ஒன்றரை மடங்கு, பரப்பில் இரண்டேகால் மடங்கு. அந்தத் திரையில் ஞகரத்தின் உள்வளைவு தெரிகிறது. செல்பேசியில் தமிழ் ஏன் அவ்வளவு அழகாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதே விடைதான். அங்கே அங்குலத்துக்கு 400 பிக்சலும் அதற்கு மேலும்கூட இருக்கிறது.

இத்தனை அடர்த்தி புதிதும் இல்லை. ஐ.பி.எம். 2001இலேயே 22.2 அங்குலத்தில் 3840க்கு 2400 பிக்சல் கொண்ட மானிட்டரை விற்றது, அங்குலத்துக்கு 204. விலை 20,000 டாலரைத் தாண்டியதால் அது மருத்துவப் படங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் போனது. மேசைக்கு வரவில்லை. அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் மானிட்டர் உலகம் தொலைக்காட்சியின் பின்னால் போயிற்று. பேனல் ஆலைகள் பெருங்கண்ணாடிகளை வெட்டுகின்றன. எட்டரைத் தலைமுறை ஆலையின் கண்ணாடி 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர். தொலைக்காட்சியின் 16:9 வடிவில் வெட்டினால் அவர்களுக்கு வசதி. அந்த வசதிக்காக 2010ஐ ஒட்டி மானிட்டர்களும் 16:9க்கு மாறின. நம் இழப்பை உயரத்தில் பார்க்கலாம். அலுவலகங்களில் இருந்த 19 அங்குல, 5:4 வடிவ மானிட்டரின் உயரம் 30.1 செ.மீ. இன்றைய 24 அங்குல அகலத் திரையின் உயரம் 29.9 செ.மீ. ஐந்து அங்குலம் கூடுதலாக வாங்கியவருக்கு உயரத்தில் ஒன்றும் கூடவில்லை. படிப்பவருக்கு உயரம்தான் வேண்டும். பக்கம் மேலிருந்து கீழே போகிறது. ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. 24 அங்குலத் திரையில் அந்தத் தாள் விளிம்போடு விளிம்பாக நிற்கும், ஆனால் மென்பொருளின் பட்டைகள் அதன் தலையையும் காலையும் மறைத்துவிடும். 27 அங்குலத்தின் உயரம் 33.6 செ.மீ. பட்டைகளுக்கு விட்டது போகத் தாள் ஏறத்தாழ முழுசாகத் தெரியும், அகலத்தில் இரண்டு தாள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூலமும் மெய்ப்பும் ஒரே பார்வையில். 34 அங்குல வளைந்த அகலத் திரைக்கும் உயரம் கிட்டத்தட்ட இதேதான், அடர்த்தியோ 1440 வரித் திரையின் அடர்த்தி. எழுத்துவேலைக்கு அது கூடுதல் விலையில் குறைந்த பயன்.

பேனலின் வகையைப் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவது குறைவு. அதனால் நான் சற்று விரிவாகவே பேசுகிறேன். எல்லா எல்.சி.டி. பேனலுக்கும் மூலம் திரவப் படிகம். 1888இல் பிராகில் இருந்த பிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கொலஸ்டிரால் சார்ந்த ஒரு சேர்மத்துக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டார். 145.5 பாகையில் கலங்கிய திரவமாகியது, 178.5இல் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கிய நிலைதான் திரவப் படிகம். அதே ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் சி.வி. ராமன் பிறந்தார். ராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து 1977இல் வட்டுவடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று நிறுவினார். அதுவரை கோல்வடிவ மூலக்கூறுகளையே உலகம் அறிந்திருந்தது. டி.என். என்ற பழைய வகைப் பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளுத்தும் கறுத்தும் போகும் குறை உண்டு. அந்தக் குறையைத் தணிக்க ஜப்பானின் ஃபுஜி நிறுவனம் செய்த மென்படலத்தில் இந்த வட்டுவடிவச் சேர்மங்கள்தாம் வேலை செய்தன. உலகெங்கும் மேசைகளில் இருந்த எல்.சி.டி. திரைகளில் பெங்களூரின் அந்தக் கண்டுபிடிப்புக்கு இப்படி ஒரு பங்கு உண்டு. தமிழ்ப் பாடநூல்கள் இதைச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஹிட்டாச்சி 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஐ.பி.எஸ். முறை அந்தக் குறையை வேரிலேயே தீர்த்தது. மூலக்கூறுகள் திரையின் தளத்திலேயே சுழல்வதால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறுவதில்லை. எழுத்துவேலைக்கு ஐ.பி.எஸ். போதும். வி.ஏ. வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும், படம் பார்க்க நன்று; ஆனால் பக்கத்தை உருட்டும்போது கறுத்த எழுத்துகள் இழுபட்டு நிழல் விடும். ஓ.எல்.இ.டி. கண்ணைக் கவரும் திரை. ஆனால் நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் பணிப்பட்டையின் தடம் அதில் பதிந்துவிடும் அபாயம் உண்டு. ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை பல ஓ.எல்.இ.டி. மானிட்டர்களில் வழக்கத்துக்கு மாறாக அமைந்திருப்பதால், விண்டோஸின் எழுத்தோரங்களில் நிறம் கசிகிறது. அதைப் படம் பார்ப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

கடையில் உரக்கச் சொல்லப்படும் சில எண்களை விரைவாகக் கடந்துவிடலாம். “சார், ஒரு மில்லி செகண்ட்” என்பது விளையாட்டுக்காரர்களுக்கான எண். எச்.டி.ஆர். 400 என்பது வெசா அமைப்பு 2017இல் வகுத்த ஏணியின் கீழ்ப்படி. பகுதி பகுதியாக மங்கும் பின்விளக்கு அதற்குக் கட்டாயம் என்று வைக்கப்படவில்லை. கோடிக்கணக்கில் சொல்லப்படும் டைனமிக் கான்ட்ராஸ்டைக் காதில் வாங்க வேண்டாம், ஐ.பி.எஸ்ஸில் 1000:1 இருந்தால் சரி.

கேட்க வேண்டியவை வேறு. ஸ்டாண்டு உயரம் கூடிக் குறையுமா? விலை குறைந்தவற்றில் முன்பின் சாய்வு மட்டும்தான் உண்டு; இருபார்வைக் கண்ணாடி அணிபவர் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால், திரை தாழ்ந்து இல்லாவிட்டால் கழுத்தை நிமிர்த்தியே வைத்து வலியை வாங்கிக்கொள்வார். ஸ்டாண்டு சரியில்லை என்றால் பின்புறம் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, தனிக் கை ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அடுத்தது இணைப்பு. பழைய மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. 1.4 துளை 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். சுட்டி தயங்கித் தயங்கி நகரும். 60 முறைக்கு எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேண்டும். இதைப் பார்க்காமல் 4கே வாங்குபவர் மானிட்டரைக் குறை சொல்வார். மின்னழுத்தம் நிலையில்லாத ஊர்களில் அடாப்டர் வெளியே உள்ள மாடலை நான் விரும்புவேன். கெட்டுப்போனால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போகலாம். மவுண்ட் ரோட்டிலிருந்து நரசிங்கபுரம் தெரு வழியாக நுழைந்தால் போட்டுக் காட்டும் கடைகள் உண்டு. ஒரு பென் டிரைவில் 11 பாயின்ட் அளவில் ஒரு பக்கத் தமிழ் எழுத்தை எடுத்துப் போக வேண்டும். கண்ணன், மண், மன்னன், விண்ணப்பம், நுணுக்கம், ஞாயிறு போன்ற சொற்கள் அதில் இருக்கட்டும். தம் கண்ணாடியோடு, ஒரு கை நீளத் தொலைவில் நின்று, ணகரத்தின் சுழிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ண முடிந்தால் அது உங்கள் மானிட்டர். கடையில் ஓடும் மீன், மலை, பூக்களின் வீடியோவைப் பார்த்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. அந்த வீடியோவில் ஒரு சொல்கூட இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் முதல் நாளிலேயே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க நிரப்பி டெட் பிக்சல் தேட வேண்டும். 2001இன் ஐ.எஸ்.ஓ. 13406-2 தரம், இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் பிக்சலுக்கு அணையாத பிக்சல் 2, எரியாத பிக்சல் 2 வரை அனுமதித்தது. 4கே திரையில் 83 லட்சம் பிக்சல் இருப்பதால் அந்தக் கணக்கில் 16 கரும்புள்ளிகள் இருந்தாலும் குறை இல்லை என்றாகிவிடும். தமிழ் படிப்பவருக்கு ஒன்று இருந்தாலே குறைதான். அது உயிர்மெய்யின் மேல் உட்கார்ந்தால் மெய்யாக்கிக் காட்டும். அதனால் வாரண்டியின் எண்களை நம்பாமல், திருப்பித் தரும் கெடுவுக்குள் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். பிறகு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். திரைக்கருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே வெண்மையில் தெரியும்வரை இறக்கினால் பெரும்பாலான அறைகளுக்கு அது சரியாக இருக்கும்.

கழற்றி வைத்த பழைய மானிட்டர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு முந்தையது என்றால், அதன் பின்விளக்கு பெரும்பாலும் பாதரசம் அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய். பழைய பேப்பர் கடையில் போட்டால் செம்புக்காக உடைப்பார்கள், குழாயும் சேர்ந்து உடையும். அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.